இரண்டு பென்னியையும் விடாத வள்ளல்கள்

பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தான். புலவர்கள் பாடினார்கள், நாமும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒப்பித்துக்கொண்டு வருகிறோம். ஆனால் தேரின் விலை என்ன, போர்வையை எந்தப் பேரேட்டில் பற்று எழுதினார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? கணக்கு வழக்கில்லாமல் கொடுத்த கைகளுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைத்தான் பார்க்கிறோமே. பாரியின் வீடு பறம்பு மலையில் இந்த இடத்தில் இருந்தது என்று காட்ட ஒரு படிக்கல் மிச்சமில்லை.

கணக்குத் தெரிந்த வள்ளல்கள் வேறு விதம். அவர்களுடைய வீடு நிற்கும். வடக்கு வேல்ஸில், பாங்கர் ஊருக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலும் பார்க்க நிற்கிற பென்ரின் கோட்டையே சாட்சி. அதைக் கட்டிய பென்னன்ட் குடும்பத்தைப் பாட இதுவரை தமிழில் யாரும் முன்வராதது நம் மொழிக்கு ஒரு குறை. அந்தக் குறையை என்னால் ஆனமட்டும் தீர்க்கப் பார்க்கிறேன்.

முதலில் கோட்டையின் அழகு. தூரத்திலிருந்து பார்த்தால் 900 வருஷத்துப் பழமை என்று சத்தியம் செய்வீர்கள். நார்மன் காலத்துக் கோபுரம், அம்பு எய்ய ஏதுவான குறுகலான சாளரங்கள், எதிரியின் தலையில் எதையாவது கொட்டுவதற்கு வசதியான மதில் முகப்பு. கட்டத் தொடங்கியது 1820 வாக்கில், முடித்தது 1837 வாக்கில். தாமஸ் ஹாப்பர் என்ற கட்டடக் கலைஞர், எசெக்ஸில் இருக்கும் ஹெடிங்ஹாம் கோட்டையின் பழைய கோபுரத்தைப் பார்த்து இங்கே ஒன்று எழுப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் பழமையைச் சம்பாதிக்கத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பென்னன்ட் குடும்பம் 17 வருஷத்தில் முடித்துவிட்டது.

அந்த மதிலை எந்தப் படையும் முற்றுகையிட்டதில்லை. சாளரத்திலிருந்து ஓர் அம்பும் பறந்ததில்லை. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, மெருகு குலையாமல் அரண்மனையில் இருப்பதை ஔவையார் மெச்சினார் அல்லவா? அவர் வேல்ஸ் பக்கம் போயிருந்தால் அந்த மதிலையும் ஒரு பாட்டில் மெச்சியிருப்பார். இத்தனை கீறலில்லாத கோட்டை உலகத்தில் அபூர்வம்.

உள்ளே ஒரு கட்டில் இருக்கிறது. 1859இல் விக்டோரியா மகாராணி விருந்தாளியாக வந்தபோது, அவருக்காக என்று ஸ்லேட் கல்லிலேயே கட்டில் செய்து வைத்தார்கள். நாம் சின்ன வயசில் எச்சில் தொட்டு அழித்து அழித்து எழுதினோமே, அந்தச் சிலேட்டுக் கல்தான். எடை சுமார் ஒரு டன். மகாராணி அதைப் பார்த்துவிட்டு, கல்லறை மாதிரி இருக்கிறது, இதில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ராஜ வம்சத்துக்கு அவ்வளவுதான் ரசனை. அந்தக் கல்லுக்குள் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் விருந்தாளி அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

இனி வம்சப் பெருமை. 1655இல் கிராம்வெல்லின் படை ஸ்பானியர்களிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்தது. கிஃபர்டு பென்னன்ட் என்ற வேல்ஸ்காரர் அந்தத் தீவில் சிப்பாயாக இருந்து, நிலத்தைச் சேர்த்துக்கொண்டே போனார். வாளைக் கீழே வைத்த பிறகும் ஓய்வெடுக்காத வீரர் அவர். அவர் மகன் எட்வர்டு ஜமைக்காவின் தலைமை நீதிபதி ஆனார். கரும்புத் தோட்டமும் அவரிடம், அதில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவந்த மனிதர்களும் அவரிடம், தீவின் நியாயமும் அவரிடம். வாதி ஓரிடம், பிரதிவாதி ஓரிடம், நீதிபதி ஓரிடம் என்று ஜனங்கள் அலையாமல் எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் வைத்துக்கொண்டது எவ்வளவு பெரிய பொதுச் சேவை!

எட்வர்டின் பேரன் ரிச்சர்டு பென்னன்ட் காலத்தில் குடும்பம் வேல்ஸுக்குத் திரும்பிப் பேர் வாங்கியது. 1765இல் கல்யாணம் செய்தார். பெண்ணோடு பென்ரின் நிலத்தில் பாதியும் வந்தது. மீதிப் பாதியைப் பிறகு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். 1783இல் பிரபுப் பட்டம். ஜமைக்காத் தோட்டங்களை அவர் தபாலிலேயே நடத்தினார். அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கத்துக் கரும்பை வெட்டவைப்பது சாமானியர்களால் ஆகிற காரியமா?

அவருடைய கருணைக்கும் கடித ஆதாரம் இருக்கிறது. மாடுகளிடமும் நீக்ரோக்களிடமும் அளவுக்கு மீறி வேலை வாங்கவேண்டாம் என்று தன் ஏஜெண்டுக்கு எழுதியிருக்கிறார். வாசகர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். மாடு முதலில், மனிதர் பிறகு. அவசரத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரேட்டிலும் இரண்டும் ஒரே பக்கத்தில் வருகிற இனங்கள்தான். வாயில்லா ஜீவனுக்கும் வாய் இருந்தும் பேச முடியாத ஜீவனுக்கும் ஒரே வரியில் இரக்கம் காட்டிய சமதர்மிகள் நம் வள்ளலார் காலத்துக்கு முன்பே வேல்ஸில் இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ரிச்சர்டு லிவர்பூலின் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. அடிமைக் கப்பல்கள் மிகுதியாகப் புறப்பட்ட துறைமுகம் அது. 1789இல் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி எழுந்தபோது ரிச்சர்டு எழுந்து எதிர்த்தார். இதை நிறுத்தினால் 7 கோடி பவுண்டு சொத்து பாழாகும், மாலுமிகளைப் பழக்கிவிடும் தொழில் போய்விடும், கடலாட்சியும் போய்விடும் என்று வாதாடினார். வில்பர்ஃபோர்ஸ் மனிதரைப் பற்றிப் பேசினார். மனிதருக்கு அளவு உண்டா? ரிச்சர்டு எண்ணிக்கையோடு பேசினார். சபை யாருடைய பேச்சுக்குக் காது கொடுத்தது என்று கேட்டால், அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு இன்னும் 18 வருஷம் ஆயிற்று.

1808இல் ரிச்சர்டு மறைந்தார். சொத்து அவருடைய உறவினர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ் கைக்கு வந்தது. பென்னன்ட் என்ற பெயரையும் அவர் சேர்த்துக்கொண்டார். கோட்டையைக் கட்டியவர் இவர்தான். இவர் காலத்தில்தான் அந்தச் சோதனையும் வந்தது. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைகளை விடுவிக்கச் சட்டம் போட்டது. வேறு குடும்பமாக இருந்தால் இடிந்துபோயிருக்கும். இவர்கள் விண்ணப்பம் எழுதினார்கள்.

விடுதலையான மனிதர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று பாமர மனசுக்குத் தோன்றும். அரசு அப்படித் தவறிவிடவில்லை. மனிதரை இழந்த முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. பென்னன்ட் குடும்பத்தின் பங்கு, ஜமைக்காவில் இருந்த 764 மனிதர்களுக்காக, 14,683 பவுண்டு, 17 ஷில்லிங், 2 பென்னி.

அந்த 2 பென்னியை நான் கும்பிடுகிறேன். ஒன்றரை லட்சம் பவுண்டு போட்டதாகச் சொல்லப்படும் கோட்டை அப்போது எழும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் 2 பென்னியை விட்டுக்கொடுக்காமல் எழுதி வாங்கிய கணக்குச் சுத்தத்துக்கு ஈடு சொல்ல என்னிடம் உவமை இல்லை. தலைக்கு வகுத்துப் பார்த்தால் 19 பவுண்டு 4 ஷில்லிங் சொச்சம் வருகிறது. குழந்தைக்கு ஒரு விலை, கிழவிக்கு ஒரு விலை, கரும்பு வெட்டுகிற கைக்கு ஒரு விலை. எல்லாவற்றையும் கூட்டி, ஒரு பென்னி பிசகாமல். அந்த 764 பேருக்குக் கிடைத்தது? பேருக்கு ஒரு விடுதலை. அதுவும் உடனே வந்தால் திகட்டும் என்று, 1838 வரை அதே தோட்டத்தில் 'பயிற்சி' பெறும்படி சட்டம் பார்த்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டியவர்களுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சி!

அரசு அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015இல்தான் தீர்ந்தது. ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து பஸ் ஓட்டியவர்களின் வரியும் அதில் சேர்ந்திருக்கும். தாத்தாவை விற்ற பணத்தைப் பேரன் தவணையில் கட்டினான். உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது என்றால் இதுதான்.

கரும்பின் லாபத்தில் கொஞ்சம் கல்லில் போய் இறங்கியது. பெதஸ்டா ஊருக்கு மேலே இருக்கும் மலையில் ஸ்லேட் கல் அடுக்கடுக்காகக் கிடந்தது. 1780களில் ரிச்சர்டு அங்கே சில்லறையாகக் கல் எடுத்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிவிட்டுக் குவாரியைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். துறைமுகம் கட்டினார், சாலை போட்டார், குதிரை இழுக்கும் தண்டவாளம் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மலையைக் குடைந்து ஒரு மைல் நீளத்துக்குப் பள்ளம் ஆயிற்று. உலகத்திலேயே பெரிய ஸ்லேட் குவாரி, கிட்டத்தட்ட 3,000 ஆட்கள். தொடையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பாறை முகத்தில் தொங்கியபடி வெடிக்குத் துளை போடுகிறவர்கள் ஒரு கூட்டம். கீழே கொட்டகையில் தாழ உட்கார்ந்து, பாளத்தைத் தொடையில் சாய்த்து, அகல உளியை வைத்துத் தட்டிப் புத்தகத்தின் ஏடு பிரிப்பதுபோல் கல்லைப் பிரிக்கிறவர்கள் இன்னொரு கூட்டம்.

பிரித்த ஓட்டுக்கு அளவுக்கு ஒரு பெயர். 24க்கு 12 அங்குலம் என்றால் 'டச்சஸ்', கோமகள். 20க்கு 10 என்றால் 'கவுண்டஸ்', சீமாட்டி. 16க்கு 8 என்றால் வெறும் 'லேடி'. ரிச்சர்டின் மாமனார்தான் இந்தப் பெயர்களைச் சூட்டினார் என்று சொல்வதுண்டு. குவாரிக்காரன் வீட்டுக்குப் போய், இன்றைக்கு இத்தனை சீமாட்டிகளைச் சீவி அடுக்கினேன் என்று பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொல்லலாம். வேறு எந்த முதலாளி தன் தொழிலாளிக்கு இந்த அந்தஸ்தைக் கொடுத்திருக்கிறார்?

நெஞ்சில் தூசி படிந்து அந்த மனிதர்கள் இருமி இருமிச் செத்தார்கள் என்பது உண்மை. ஆனால் வேல்ஸின் ஸ்லேட் தொழிலை விசாரிக்க 1890களில் கமிட்டி உட்கார்ந்தபோது, கம்பெனி மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தூசி காரணமில்லை, தேநீர் காரணம். திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்த தேநீரைக் குடிக்கிறார்களாம். சீமாட்டிகளைச் சீவுகிறவனுக்குத் தேநீரைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்றால் முதலாளி என்ன செய்வார், பாவம்!

இப்போது என் பாட்டுடைத் தலைவருக்கு வருகிறேன். இரண்டாம் பென்ரின் பிரபு, ஜார்ஜ் ஷோல்டோ டக்ளஸ்-பென்னன்ட். தொழிலாளர் சங்கத்தோடு 1874இல் ஓர் உடன்பாடு இருந்தது. குறையிருந்தால் ஒரு கமிட்டி வழியாகச் சொல்லலாம். ஜார்ஜ் பொறுப்புக்கு வந்ததும் அதை நீக்கினார். யாருக்குக் குறையோ அவர் தனியாக வந்து தன் வாயால் சொல்லட்டும் என்றார். இதைக் கொடுமை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கென்னவோ ஒவ்வொரு தொழிலாளியையும் தனித்தனியாக மதித்ததாகப் படுகிறது. 2,800 பேர் சேர்ந்து வந்தால் ஒரு பிரபு யார் முகத்தைப் பார்ப்பார்? ஒருவர் ஒருவராக வந்தால் ஒருவர் ஒருவராக வெளியே அனுப்பலாம்.

சங்கச் சந்தாவைக் குவாரிக்குள் வசூலிக்கக் கூடாது என்று 1900இல் உத்தரவு வந்தது. காண்ட்ராக்டர் முறையைப் பற்றிக் கைகலப்பு ஆகி 26 பேர் மேல் வழக்கு. அந்த நவம்பர் 22ஆம் தேதி 2,800 பேர் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். மூன்று வருஷம் திரும்பவில்லை. பிரபுவும் இறங்கி வரவில்லை. பட்டினி எத்தனை நாள் தாங்கும் என்று வீட்டிலிருந்தபடியே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க எல்லாராலும் முடியாது. அதற்கும் மனசில் ஒரு கோட்டை வேண்டும்.

1901 ஜூனில் குவாரியைத் திறந்து, வேலைக்கு வருகிறவர்கள் வரலாம் என்றார். சில நூறு பேர் வந்தார்கள். வந்தவருக்கெல்லாம் கையில் ஒரு தங்க நாணயம், சாவரின். நம் ஊர் நகைக்கடையில் இன்றைக்கும் 'பவுன்' என்று எடை சொல்கிறோமே, அந்த எடையுள்ள அதே காசு. முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை, அண்டை வீட்டுக்காரனை விட்டுவிட்டு வருகிறவனுக்கு ஒரு பவுன். ஜமைக்காவில் ஒரு தலைக்கு 19 பவுண்டுக்கு மேல் வாங்கிய குடும்பம் வேல்ஸில் ஒரு மனச்சாட்சியை ஒரு பவுனுக்கு முடித்ததே! வியாபாரத்தில் இதை முன்னேற்றம் என்பார்கள்.

ஊர் அந்தக் கொடையைப் புரிந்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஓர் அட்டை மாட்டினார்கள்: 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வேல்ஸ் மொழியில் அச்சடித்தது. ஒரு வீட்டு ஜன்னலில் அட்டை காணாமல் போனால், அந்த வீட்டுக்காரன் காலையில் குவாரிக்குப் போகிறான் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அட்டை இருந்த வீடும் அட்டை இல்லாத வீடும் ஒட்டவில்லை. ஒரே தேவாலயத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து பாடியவர்கள் எழுந்து வேறு தேவாலயத்துக்குப் போனார்கள். கலகம் என்று சொல்லிக் குதிரைப் படையும் காலாட்படையும் வந்தன. கடைசியில் அந்த ஊருக்குப் படை வந்துசேர்ந்தது. ஆனால் மதில் வைத்திருந்த கோட்டையை விட்டுவிட்டு ஜன்னலில் அட்டை வைத்திருந்த குடிசைகளுக்கு வந்தது.

வேலைக்குத் திரும்பியவர்களுக்குப் பக்கத்து டிரெகார்த்தில் பிரபு வீடு கட்டிக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் அந்தத் தெருவுக்கு வைத்த பெயர் 'வால் தெரு'. முதலாளிக்கு வால் பிடிக்கிறவனை வேல்ஸ் மொழியிலும் வால் என்றுதான் சொல்வார்களாம். இரண்டு மொழிக்கும் இடையே இத்தனை கடல் இருந்தும், இந்த ஜாதி மனிதருக்கு உடம்பில் ஒரே இடத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தொழிலாளிகளுக்காகப் பத்திரிகையில் எழுதிய டபிள்யூ. ஜே. பாரி மேல் பிரபு அவதூறு வழக்குப் போட்டு, 1903இல் 500 பவுண்டு ஈடு வாங்கினார். ஜமைக்காவின் ஒரு மனிதருக்கு 19 பவுண்டு, பெதஸ்டாவின் ஒரு மனிதருக்கு ஒரு பவுன், பிரபுவின் நற்பெயருக்கு 500. எதற்கு எவ்வளவு என்று தெளிவாகத் தெரிந்த குடும்பம்.

அந்த நவம்பரில் வேலைநிறுத்தம் பிசுபிசுத்து முடிந்தது. பிரபு ஜெயித்தார். ஆட்களில் பலர் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்விட்டார்கள். வேல்ஸ் ஸ்லேட் தொழில் பழைய உயரத்துக்கு மறுபடி ஏறவில்லை. ஜெயிப்பதற்காகத் தன் தொழிலையே பணயம் வைத்த இந்தத் தியாகத்தைப் பாடாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும்.

அதே குவாரிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1884இல் பாங்கரில் திறந்த கல்லூரிக்கு, வாரக்கூலியில் ஒன்றிரண்டு பென்னி எடுத்துவைத்து நன்கொடை கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு அது பல்கலைக்கழகம். 2 பென்னியை எப்படிச் செலவழிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? கோட்டைக்காரர்கள் 2 பென்னியை வாங்கிவைத்தார்கள். இவர்கள் கொடுத்துத் தொலைத்தார்கள்.

கோட்டை 1951 முதல் நேஷனல் டிரஸ்டிடம் இருக்கிறது. குடும்பம் கொடையாகக் கொடுத்தது என்று நினைத்துக் கண்கலங்க வேண்டாம். வாரிசு வரிக்கு ஈடாக ஒப்படைத்தது. கடைசிப் பக்கத்திலும் பற்றும் வரவும் நேராகிவிட்டன. டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். அந்தக் கல் கட்டிலைப் பார்க்கலாம். குவாரிப் பள்ளத்துக்கு மேலே இப்போது கம்பி கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு வேகமாய் அனுப்புகிறார்கள். முன்னே தொடையில் கயிறு கட்டித் தொங்கினால் கூலி கிடைத்தது. இப்போது தொங்குவதற்கு நாம் காசு கொடுக்க வேண்டும். குவாரிக்காரர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் மட்டும் இன்னும் அந்தக் கோட்டை வாசலை மிதிப்பதில்லை என்கிறார்கள். நன்றி மறந்தவர்கள்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. அந்தப் பழைய அட்டையில் ஒன்றைத் தேடிப் பிடித்து, பென்ரின் கோட்டையின் பெரிய சாளரம் ஒன்றில் மாட்டவேண்டும். 'இந்த வீட்டில் துரோகி இல்லை.' அந்த வாசகத்துக்கு அதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. பல தலைமுறை, இரண்டு கண்டம், கரும்பு, கல். இவ்வளவிலும் அந்தக் குடும்பம் தன் பணத்துக்கு ஒருநாளும் துரோகம் செய்ததில்லை.